ஒன்பது கதவுகளும் ஒரு மானியமும்

நியூ ஜெர்சியில் ஒரு யூத வழிபாட்டுத் தலத்தில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். இன்று அந்தக் கட்டடத்தின் சாவிக்கொத்து முழுவதும் என் கைப்பையில்தான் இருக்கிறது. மதுரையில் பி.காம். படித்தவள் நான். வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு 2015-இல் வேலை அனுமதி கிடைக்கத் தொடங்கியபின் எனக்கு அமைந்த முதல் வேலை இது. தமிழ் பைபிளில் 'ஜெப ஆலயம்' என்று வருமே, அதேதான். இங்கே சினகாக் என்போம். வயதானவர்கள் 'ஷூல்' என்பார்கள்.

போன மாதம், பக்கத்து ஊர்க் கோயில் கமிட்டியில் இருக்கும் ஒரு அண்ணா போன் செய்து, "நீங்க வாங்கின பாதுகாப்பு மானியத்தை எங்க கோயிலுக்கும் கேட்கலாமாமே, எப்படிம்மா வாங்கினீங்க?" என்று கேட்டார். கேட்கலாம். லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு, அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா தரும் மானியம் அது. கோயில், மசூதி, குருத்வாரா, சர்ச் எல்லாவற்றுக்கும் பொது. அவரிடம் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் சிக்கல் அதில்தான் இருக்கிறது. சினகாக்கில் உண்டியல் வருமானம் என்று எதையும் நம்ப முடியாது. ஷபாத் என்னும் ஓய்வுநாளில், அதாவது வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை, பணத்தைத் தொடுவதே கூடாது. ஆண்டுச் சந்தா, மதப் பள்ளிக் கட்டணம், நன்கொடை, இவைதான் வரவு. யோம் கிப்பூர் என்னும் நோன்பு நாள் தொடங்கும் இரவில் பெரிய நன்கொடை வேண்டுகோள் வைப்பார்கள். அன்று எழுதவும் கூடாது என்பதால் அட்டையில் தொகைகளை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுப்போம். தர நினைக்கும் தொகைக்கு நேரே ஓரத்தை மடித்துவிட்டுப் போவார்கள். 18, 36, 180, 1800 என்று எல்லாம் பதினெட்டின் மடங்கு. எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. உயிர் என்று பொருள்படும் 'ஹாய்' என்ற சொல்லைக் கூட்டினால் 18 வரும். 101, 501 என்று மொய் எழுதிப் பழகிய எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் வரும் பணத்தில் பாதிக்கு மேல் பெயர் ஒட்டியிருக்கும். இது கல்லறைப் பராமரிப்புக்கு, இது நூலகத்துக்கு, இது ரபி, அதாவது எங்கள் மதகுரு, தம் விருப்பப்படி ஏழைகளுக்குக் கொடுக்க. கொடுத்தவர் எதற்கென்று சொன்னாரோ அதற்கு மட்டுமே செலவு செய்யலாம். வங்கி இருப்பைப் பார்த்தால் வசதியானவர்கள் போலத் தெரியும். நவம்பரில் பாய்லர் பழுதானால் கையில் காசு இருக்காது.

2018 அக்டோபர் 27, சனிக்கிழமை. பிட்ஸ்பர்க்கில் 'ட்ரீ ஆஃப் லைஃப்' சினகாக்கில் காலை வழிபாட்டுக்கு வந்த பதினோரு பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். இறந்தவர்களில் மூத்தவருக்கு வயது 97. மகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டுக் காரில் உட்கார்ந்திருந்தபோது போனில் செய்தி வந்தது. எங்கள் உறுப்பினர்கள் பலர் ஷபாத் முடியும்வரை போனைத் தொடமாட்டார்கள், அவர்களுக்கு இன்னும் தெரியாது என்ற எண்ணம்தான் முதலில் ஓடியது. திங்கட்கிழமை நிர்வாகக் குழு கூடி, பாதுகாப்புக்கு என்ன செலவு செய்கிறோம் என்று கேட்டது. பட்ஜெட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: திருட்டு அலாரம், மாதக் கட்டணம்.

2020-இல் முதல் முறை விண்ணப்பித்தோம். கிடைக்கவில்லை. தப்பு என்னுடையது. கேமரா விற்பவர் கொடுத்த விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற மாதிரி விண்ணப்பம் எழுதினேன். முதலில் கட்டடத்தில் எங்கெங்கே பலவீனம் என்று தெரிந்தவர் ஒருவர் பார்த்து அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டைக்கும் என்ன அடைப்பு என்பதுதான் விண்ணப்பம். நான் தலைகீழாகப் போயிருந்தேன்.

2022 ஜனவரி 15-இல் டெக்ஸாஸில் கோலிவில் சினகாக்கில் ஒருவன் நான்கு பேரைப் பிணை பிடித்தான். குளிருக்கு ஒதுங்க வந்தவன் என்று நினைத்து உள்ளே விட்டு, டீ போட்டுக் கொடுத்த ரபியும் அந்த நால்வரில் ஒருவர். பல மணி நேரத்துக்குப் பிறகு அவர் ஒரு நாற்காலியைத் தூக்கி அவன்மேல் எறிந்துவிட்டு, கூட இருந்த இருவரோடு தப்பி ஓடினார். எங்கள் குழுவில் அதன்பின் நடந்த வாக்குவாதத்தை நான் மறக்க மாட்டேன். பெற்றவரை இழந்தவர் கதீஷ் என்னும் பிரார்த்தனை சொல்ல வேண்டுமானால் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் துக்கத்தோடு வந்து கதவைத் தட்டுவது எங்களுக்கு வாரம் ஒருமுறையாவது நடக்கும். பூட்டிய கதவு அவரிடம் என்ன சொல்லும் என்று ரபி கேட்டார். கதவைத் திறந்துவிடுவதற்கென்றே எப்போதும் ஒரு ஆள் நிற்கட்டும், அவரே வணக்கம் சொல்லி வரவேற்கட்டும் என்று முடிவானது. இன்றுவரை உறுப்பினர்கள் முறை வைத்து நிற்கிறார்கள்.

அந்த வருடம் மறுபடி விண்ணப்பித்தோம். இந்த முறை அறிக்கையிலிருந்து தொடங்கினோம். சிசா என்ற மத்திய அரசு அமைப்பின் பாதுகாப்பு ஆலோசகர் வந்தார். கட்டணம் எதுவும் இல்லை. உள்ளூர் போலீஸிடமும் இதைக் கேட்கலாம். என்னோடு மூன்று மணி நேரம் கட்டடத்தைச் சுற்றினார். உள்ளே போவதற்கு முன் வெளியே நின்று, "எத்தனை கதவு?" என்றார். ஆறு என்றேன். எண்ணிப் பார்த்தால் ஒன்பது. பாய்லர் அறைக்கு ஒன்று, மேடைக்குப் பின்னால் ஒன்று, நிலவறைப் படிக்கட்டில் ஒன்று. ஆறு வருடமாக நான் சம்பளம் வாங்கும் கட்டடம். சமையலறைப் பின்கதவில், சமையல்காரர்கள் வந்து போக வசதியாக ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. செங்கல்லின் ஒரு மூலை தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் படம் பிடித்துக்கொண்டார். மழலையர் வகுப்பின் ஜன்னலுக்குக் கீழே ஆள் உயரத்துக்கு வளர்ந்த புதர். உள்ளிருந்து பூட்ட முடியாத வகுப்பறைக் கதவுகள். கார் நேராக வந்து மோதக்கூடிய முன்வாசல். புதரை அந்த வாரமே வெட்டினோம், செங்கல்லை நானே தூக்கிப் போட்டேன். இரண்டுக்கும் மானியம் தேவையில்லை.

விண்ணப்பப் படிவத்தில் ஒவ்வொரு பதிலுக்கும் இத்தனை எழுத்துதான் என்று கட்டுப்பாடு உண்டு. அச்சுறுத்தல் என்ன, பலவீனம் எங்கே, தாக்கினால் என்ன இழப்பு, இந்த மூன்றையும் கேட்பார்கள். மூன்றாவதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். மழலையர் பள்ளி, வியாழக்கிழமை உணவு வங்கி, குடிநோயிலிருந்து மீள்பவர்களின் கூட்டம், தேர்தல் நாளில் வாக்குச்சாவடி என்று யூதரல்லாதவர்களும் எத்தனை பேர் அந்தக் கட்டடத்தை நம்பியிருக்கிறார்கள் என்பதை எழுதினேன். அந்த வருடம் நாடு முழுவதற்கும் 25 கோடி டாலர் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு இடத்துக்கு அதிகபட்சம் ஒன்றரை லட்சம். விண்ணப்பம் நேராக ஃபீமாவுக்குப் போகாது, மாநில அரசு வழியாகத்தான் போகும். மாநிலம் வைக்கும் கடைசித் தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், யூஇஐ என்று மத்திய அரசு தரும் பன்னிரண்டு எழுத்து அடையாள எண் ஒன்று வேண்டும். இலவசம்தான், ஆனால் எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. சங்கப் பதிவில் இருக்கும் பெயர் வேறு, மின்கட்டண ரசீதில் இருக்கும் பெயர் வேறு. கோயில்களிலும் இது இருக்கும் என்று அண்ணாவிடம் சொன்னேன். 'ஸ்ரீ' ஒரு காகிதத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. மற்ற வேலை எதையும் தொடங்கும் முன் இதைச் சரிபார்த்து விடுங்கள்.

மானியம் கிடைத்துவிட்டது என்று தகவல் வந்ததும் ரபி என் அறைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் பணம் வரவில்லை. சுற்றுச்சூழல், வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு ஆய்வு முடிந்து எழுத்தில் அனுமதி வரும்வரை சுவரில் ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது. போட்டால் மானியம் கைவிட்டுப் போகலாம். எங்கள் கட்டடம் 1962-இல் கட்டியது. துளையிடப் போகும் ஒவ்வொரு இடத்தையும் படம் பிடித்து, அளவு எழுதி அனுப்பினேன்.

காத்திருந்த நேரத்தில்தான் அது நடந்தது. 2022 நவம்பர் 3-ஆம் தேதி, நியூ ஜெர்சி சினகாக்குகளுக்குப் பரவலான அச்சுறுத்தல் இருப்பதாக நம்பகமான தகவல் வந்திருக்கிறது என்று எஃப்பிஐ அறிவித்தது. மழலையர் வகுப்புப் பெற்றோர்கள் வரிசையாகப் போன் செய்தார்கள். குழுவில் இருவர், "நாளைக்கே கதவை மாற்றுங்கள், மானியம் போனால் போகட்டும்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு கதவை மாற்றத்தான் எங்களிடம் காசு இருந்தது, மற்ற எட்டும் அப்படியே கிடக்கும். அதற்குப் பதில் அந்தக் காசில் காவலர் ஒருவரை வைத்தோம். மறுநாளே சந்தேக நபரைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அடுத்த வாரம் கைது செய்தார்கள். அந்த ஒரு இரவு நான் தூங்கவில்லை.

2023 ஜனவரி 29 அதிகாலை, ப்ளூம்ஃபீல்டில் உள்ள 'டெம்பிள் நேர் டாமிட்' சினகாக்கின் வாசலில் ஒருவன் பெட்ரோல் குண்டு வீசினான். எளிதில் நொறுங்காத கதவு தாங்கியது, உள்ளே தீ பரவவில்லை. அதுவரை ஜன்னல் கண்ணாடி சிதறாமல் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுவது வீண் செலவு என்று சொல்லிக்கொண்டிருந்த எங்கள் பொருளாளர், அந்தச் செய்தியை வெட்டி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச்சில் அனுமதி வந்தது. இனிதான் முக்கியமான விஷயம்: இந்த மானியத்தில் நாம் முதலில் செலவு செய்ய வேண்டும். ரசீதும், பணம் போய்ச் சேர்ந்த காசோலையின் நகலும் அனுப்பினால் அப்புறம் திருப்பித் தருவார்கள். ஒரு லட்சம் டாலருக்கு மேல் நாங்கள் எங்கே போவது? பெயர் ஒட்டிய நிதிகளில் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். முடியாது என்றேன். கல்லறைக்கென்று கொடுத்தவர் அந்தக் கல்லறையில்தான் இருக்கிறார், அவரிடம் அனுமதி கேட்க முடியாது. கடைசியில் ஏழு குடும்பங்கள் கடன் கொடுத்தன, வட்டியில்லாமல். தம்மவரிடம் வட்டி வாங்கக் கூடாது என்பது யூதர்களின் வேதமான தோராவின் கட்டளை. ஏழு பேருக்கும் ஒரே மாதிரி ஒப்பந்தம் எழுதி, மானியப் பணம் வரும் வரிசையில் திருப்பித் தருவதாகக் கையெழுத்துப் போட்டோம். வேலைகளையும் மூன்றாகப் பிரித்தோம். முதல் பகுதிக்குப் பணம் திரும்பி வந்த பிறகுதான் இரண்டாவதைத் தொடங்கினோம். கோயில் கமிட்டிகள் இந்தத் திட்டத்தை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

விலைப்புள்ளிகள் வாங்கியதில் மிகக் குறைந்த விலைக்கு வந்த கேமராக்கள், மத்திய அரசுப் பணத்தில் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்லும் சீனத் தயாரிப்பு. விற்பவர் அதைச் சொல்லவில்லை. மாடல் எண்ணை வைத்து நான் தேடிப் பார்த்ததால் தப்பித்தோம்.

முன்கதவுக்கு அட்டை காட்டித் திறக்கும் மின்பூட்டு. ஆனால் ஷபாத் கடைப்பிடிப்பவர்கள் அன்று மின்சாதனத்தை இயக்க மாட்டார்கள். அவர்களுக்காகப் பக்கவாட்டுக் கதவில் மின்சாரமே இல்லாத, எண்களை அமுக்கித் திறக்கும் இயந்திரப் பூட்டு வைத்தோம். தீயணைப்பு அதிகாரி வந்து, உள்ளிருந்து சாவியில்லாமல் ஒரே தள்ளில் எல்லாக் கதவும் திறக்க வேண்டும், தீ அலாரம் அடித்தால் மின்பூட்டு தானே விட வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

கேமராக் கம்பியை நினைவுப் பலகைக்குப் பின்னால் கொண்டுபோனால் இருபது அடி மிச்சம் என்றார் வேலைக்கு வந்தவர். இறந்தவர்களின் பெயர் பொறித்த வெண்கலத் தகடுகள், பக்கத்தில் ஆளுக்கொரு சின்ன பல்பு. யாருக்கு அந்த வாரம் திதி வருகிறதோ அவர் பெயருக்குப் பக்கத்து விளக்கை வெள்ளிக்கிழமை மதியம் நான்தான் ஏற்றுவேன். எபிரேய நாட்காட்டிப்படி பட்டியல் எடுத்து ஒவ்வொரு பெயராகப் படித்துத் திருகுவேன். அந்தப் பலகையைக் கழற்ற நான் விடவில்லை. கம்பி சுற்றித்தான் போனது.

பழைய கதவுநிலைகளைப் பெயர்க்கும் முன் ரபி வந்து மெசூசாக்களைக் கழற்றினார். தோரா வசனம் எழுதிய தோல்சுருள் உள்ளே இருக்கும் சிறு பேழை அது. கதவுநிலையில் சாய்வாகப் பதித்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் எந்தக் கதவுடையது என்று சீட்டு எழுதித் துணியில் சுற்றி என் மேசை இழுப்பறையில் வைத்தோம். புதுநிலை வந்த அன்று, ஆசிகூறும் வரியைச் சொல்லி ரபி பதிக்க, ஆணியை நான் எடுத்துக் கொடுத்தேன்.

2023 ஆகஸ்டில் வேலை முடிந்தது. அக்டோபர் 7, சனிக்கிழமை, பண்டிகை நாள். இஸ்ரேலில் நடந்த தாக்குதல் செய்தி வாய்வழியாகப் பரவி, வழிபாட்டுக்கு வந்தவர்கள் வாசலில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கதவு அவர்களுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. கடைசித் தவணை அடுத்த பிப்ரவரியில் வந்தது, ஏழு குடும்பங்களுக்கும் காசோலை அனுப்பினேன்.

இயந்திரப் பூட்டின் எண்ணை ஒவ்வொரு யூதப் புத்தாண்டுப் பண்டிகைக்கு முன்னும் மாற்றுவோம். மின்னஞ்சலில் அனுப்புவதில்லை. சனிக்கிழமை நடந்தே வரும் பதினான்கு முதியவர்களுக்கு நானே போன் செய்து சொல்வேன். காது கேட்காதவர்களுக்கு இரண்டு முறை, எழுதி வைக்க வேண்டாம் என்று மூன்றாவது முறை. தொண்ணூறைத் தாண்டிய ஒரு அம்மாவுக்கு எண் நிற்காது. அவர் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, எண்களை வரிசையாக அவர் விரல்களில் தொட்டுச் சொல்லிக் கொடுத்தேன். சனிக்கிழமை அவரே திறந்து உள்ளே வந்தார் என்று வாசலில் நின்றவர் சொன்னார்.