நாள்பட்ட வைரஸ் தொற்றில் இயல்பு நோய்த்தடைக்காப்பு: தேர்வுக்கு நான் படித்த முறை

நாள்பட்ட வைரஸ் தொற்று பற்றிய வினாவுக்குச் சோர்ந்துபோன டி செல்களை (குறிப்பிட்ட கிருமியைக் குறிவைக்கும் வெள்ளணுக்களை) விரிவாக எழுதிவிட்டு, பிறவியிலேயே அமைந்து எந்தக் கிருமிக்கும் உடனே எதிர்வினை காட்டும் இயல்பு நோய்த்தடைக்காப்பை முதல்கட்டக் காவல் என்று ஒரே வரியில் முடித்துவிடுவோர் பலர். முதுநிலை நுண்ணுயிரியல் தேர்வுக்குப் படித்தபோது, வைரஸின் வருகையைச் செல் எதைக் கொண்டு உணர்கிறது, வைரஸ் அந்த உணர்வை எந்த இடத்தில் முறிக்கிறது, தொற்று நீடித்த பிறகும் தொடரும் எதிர்வினை யாருக்குப் பயன்படுகிறது என்று ஒவ்வொரு வைரஸுக்கும் தனித்தனியே கேட்டுக்கொண்டு குறிப்பெடுத்தேன்.

இதற்கு ஹெபடைட்டிஸ் சி வைரஸைப் போலத் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை என்பது என் கருத்து. கல்லீரல் செல்லுக்குள் வைரஸின் ஆர்என்ஏவை ரிக்-ஐ புரதம் இனங்காண, மைட்டோகாண்ட்ரியாவின் மேலுள்ள மாவ்ஸ் என்னும் புரதம் அச்செய்தியை, வைரஸை எதிர்க்குமாறு செல்களை எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் புரதத்தின் உற்பத்திக்குக் கடத்துகிறது. தன் நீண்ட புரதச் சங்கிலியைத் துண்டிக்க வைரஸ் பயன்படுத்தும் என்எஸ்3/4ஏ நொதியே மாவ்ஸையும் வெட்டிவிடுகிறது என்பது 2005இல் தெரியவந்தது. ஆயினும் நோயாளிகள் பலரின் கல்லீரலில் இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணுக்கள் ஓயாமல் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அவ்வாறு இயங்கியவர்களுக்கே இன்டர்ஃபெரான் சிகிச்சை குறைவாகப் பலனளித்தது. இந்த முரணை விளக்காத விடை முழுமை பெறாது.

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இதற்கு நேர்மாறானது. அது தொடக்கத்தில் இன்டர்ஃபெரான் எதிர்வினையைப் பெரிதாகத் தூண்டுவதே இல்லை. ஆகவே, எல்லா வைரஸ்களும் இன்டர்ஃபெரானைத் தடுக்கின்றன என்னும் பொதுவாக்கியத்தைத் தவிர்த்துவிடுங்கள். எச்ஐவிக்கு, செல்லின் வைரஸ் எதிர்ப்புப் புரதங்களான அபோபெக்3ஜியை வீழ்த்தும் விஃப், டெதரினை வீழ்த்தும் விபியூ ஆகிய இரண்டு வைரஸ் புரதங்களையும் குறிப்பிட்டால் பெரும்பாலும் போதும்.

அதிகக் கவனம் தேவைப்படுவது காலத்தைப் பொறுத்த மாற்றத்துக்கே. எல்சிஎம்வி என்னும் எலி வைரஸின் நீடித்த தொற்றுள்ள எலிகளில் முதல்வகை இன்டர்ஃபெரானின் ஏற்பியை (அது செல்லில் இணையும் புரதத்தை) தடுத்தபோது வைரஸ் விரைவாகக் கட்டுப்பட்டது என்று 2013இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் காட்டின. மறுபுறம், எச்ஐவிக்கு நெருங்கிய குரங்கு வைரஸான எஸ்ஐவி தொற்றிய ரீசஸ் குரங்குகளில் தொடக்கத்திலேயே அதே ஏற்பியைத் தடுத்தபோது நோய் வேகமாக முற்றியது என்று 2014இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. விலங்கும் வைரஸும் வேறானாலும், இவ்விரண்டையும் ஒரு காலக்கோட்டின் மேல் குறித்துப் படமாக வரைந்து பழகுங்கள். தொடக்கத்தில் காக்கும் இன்டர்ஃபெரான், பிறகு பிடி-எல்1, ஐஎல்-10 போன்ற, நோயெதிர்ப்பை அடக்கும் காரணிகளை உயர்த்துவதை அக்கோட்டின் பிற்பகுதியில் எழுதலாம்.

இயல்பு நோய்த்தடைக்காப்பைச் சேர்ந்த, தொற்றுள்ள செல்களைக் கொல்லும் வெள்ளணுக்களான இயற்கைக் கொல்லி செல்களையும் இதே படத்தில் சேர்க்க வேண்டும். எல்சிஎம்வி பெருமளவில் செலுத்தப்பட்ட எலிகளில் அவை தூண்டப்பட்ட சிடி4 டி செல்களை (மற்ற நோயெதிர்ப்புச் செல்களுக்கு உதவும் டி செல் வகையை) அழிக்கின்றன. அதனால் உயிரைப் பறிக்கும் திசுச்சேதம் தவிர்க்கப்படுகிறது, வைரஸும் உடலில் தங்கிவிடுகிறது.