காசியூன் மலையடியில் ஒரு ஜியாரத்

டமாஸ்கஸ் உமையாப் பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். குர்ஆனில் தாஹா சூராவின் (அத்தியாயத்தின்) 12-வது ஆயத்து, அதாவது வசனம், தானாக நாவில் வந்தது. மூசா நபி (அலை) அவர்களுக்கு அல்லாஹ் சொன்னது: "உம் இரு செருப்புகளையும் கழற்றிவிடும், நீர் துவா என்னும் பரிசுத்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறீர்."

மார்க்க மேதையும் சூஃபி ஞானியுமான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1095-இல் பக்தாதின் பெரிய ஆசிரியர் பதவியை உதறிவிட்டு வந்தது இந்த ஊருக்குத்தான். இந்தப் பள்ளியின் மனாராவில் (கோபுரத்தில்) ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, பகல் முழுதும் தனித்திருந்ததாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த மனாராவை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். 'மிஷ்காத்துல் அன்வார்' நூலில் இதே ஆயத்துக்கு அவர்கள் தரும் விளக்கம் என் மனதை விட்டு அகலாதது. மூசா நபி வெளியே இரு செருப்புகளைக் கழற்றினார்கள். உள்ளே இம்மை, மறுமை என்ற இரு உலகங்களையும் கழற்றினார்கள். செருப்பு வெறும் உவமைதான் என்று இமாம் சொல்லிவிடவில்லை. வெளிப்பொருளோடு நின்றுவிட்டாலும் குறை, அதைத் தள்ளிவிட்டு உட்பொருளை மட்டும் எடுத்தாலும் குறை. இரண்டையும் சேர்த்துப் பிடித்தவர்தான் காமில், முழுமை பெற்றவர்.

அப்புறம் ஸாலிஹிய்யாவுக்குப் போனேன். காசியூன் மலைச் சரிவில், காய்கறிக் கடைகள் நெருக்கியடிக்கும் குறுகலான சந்தைத் தெரு. நம் பக்கம் முஹ்யித்தீன் என்றால் பக்தாதுப் பெரியார் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள்தான். இங்கே ஷைகு முஹ்யித்தீன் என்றால் சூஃபி ஞானி இப்னு அரபி (ரஹ்). 1165-இல் ஸ்பெயினின் முர்சியாவில் பிறந்து, 1240-இல் இந்த ஊரில் வபாத்தானவர்கள். உஸ்மானிய சுல்தான் முதலாம் சலீம் இந்த ஊரைப் பிடித்த கையோடு இங்கே பள்ளிவாசல் எழுப்பினார்.

அவர்களுடைய கப்ரு (அடக்கத்தலம்) கீழே இருக்கிறது. படியிறங்கிப் போக வேண்டும். கல்படி வெறுங்காலுக்குச் சில்லென்றிருந்தது. கம்பித் தடுப்புக்குள் பச்சைப் போர்வை. பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிரும் 1883-இல் இந்த ஷைகின் பக்கத்தில்தான் அடக்கமானார். 1966-இல் அவரை அல்ஜீரியாவுக்குக் கொண்டுபோனார்கள். ஸலாம் சொல்லி, பாத்திஹா ஓதிவிட்டு, சுவரோரம் உட்கார்ந்தேன்.

ஷைகு இப்னு அரபியை, குர்ஆனின் எழுத்தை மீறிப் போனவர் என்று ஏசுபவர்கள் உண்டு. அது எனக்குப் பெரிய வருத்தம். ஷைகு அவர்கள் அளவுக்கு எழுத்தைக் கெட்டியாகப் பிடித்தவர்கள் குறைவு. குர்ஆனின் ஒரு சொல்லுக்கு அரபு மொழி இடங்கொடுக்கும் பொருள் அத்தனையும் அல்லாஹ் நாடியதே என்பது அவர்கள் கொள்கை. அதனால்தான் ஒரே ஆயத்தை இரண்டாம் முறை ஓதும்போதும் பழைய பொருளே கிடைத்தால், ஓதவேண்டிய விதத்தில் ஓதவில்லை என்றார்கள்.

எத்தனை வருடமாக ஓதுகிறேன் இந்தத் தாஹாவை! அந்த இடத்தில் மெல்ல ஆரம்பித்தேன். 12-வது ஆயத்தில் 'நஃலைக்க' என்ற சொல் வந்தது. உன் இரு செருப்புகள். தொண்டை அடைத்தது. திரும்ப முதலிலிருந்து ஓதினேன். மறுபடியும் அங்கேயே நின்றது. மேலே அஸர் (மாலைத் தொழுகை) பாங்கு சொல்லும்வரை அந்த ஆயத்தைத் தாண்டவில்லை.