டிவி சமையல் நிகழ்ச்சிக்குப் போகும் செஃப்களுக்கு: என்ஓசி முதல் டிடிஎஸ் வரை நான் பட்டது

டிவியில் ஒரு எபிசோடு சமைத்ததற்கான பணம் முழுசாகக் கைக்கு வந்துவிட்டது, அதனால் இப்போது தைரியமாக எழுதலாம். தரமணியில் கேட்டரிங் படித்துவிட்டு ஓட்டல் கிச்சனில் கமியாக, அதாவது கடைநிலை சமையல்காரனாக, வெங்காயம் உரித்து மேலே வந்தவன் நான், இப்போது சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் சூ செஃப், அதாவது தலைமை செஃப்புக்கு அடுத்த ஆள். 2019ல் 'குக் வித் கோமாளி' நிகழ்ச்சி வந்ததிலிருந்து செஃப் கோட்டுக்கே தனி மவுசு வந்துவிட்டது, எந்தச் சேனலைப் பார்த்தாலும் யாராவது ஒரு செஃப் வேண்டும் என்கிறார்கள். அதனால் வாய்ப்பு கிடைப்பது பெரிய விஷயமே இல்லை. சமைத்துக்கொண்டே பேசுகிற மாதிரி செல்போனில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பினேன், கூப்பிட்டார்கள். அவ்வளவுதான். படுத்தியது அதற்கப்புறம் வந்ததெல்லாம்.

முதல் தலைவலி என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்று ஓட்டல் தரவேண்டிய கடிதம். வேலையில் இருக்கும் செஃப் என்றால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள், வெளியில் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது என்று ஒரு வரி நிச்சயம் இருக்கும். எங்கள் எச்ஆர் மேடம், சேனல் லெட்டர்ஹெட்டில் கடிதம் வந்தால்தான் என்ஓசி தருவேன் என்றார். சேனலில், என்ஓசி இருந்தால்தான் கடிதம் தருவோம் என்றார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. பிரபல டிவி செஃப் சஞ்சீவ் கபூர்கூட 1993ல் டிவிக்குப் போனபோது மும்பையில் ஒரு ஓட்டலில் எக்ஸிகியூட்டிவ் செஃப்பாகத்தானே இருந்தார் என்று சொல்லிப் பார்த்தேன். "அவர் நம்ம ஸ்டாஃப் இல்லையே செஃப்" என்று சொல்லிவிட்டு மேடம் லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் ஜிஎம் ஒத்துக்கொண்டார், ஆனால் ஓட்டல் பெயர் திரையில் வரவேண்டும் என்று ஒரு நிபந்தனை. சேனலிலோ பெயர் வந்தால் அது விளம்பரம், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார்கள். இரண்டு பக்கமும் அலைந்தபிறகு நானே ஒரு கடிதம் டைப் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன்: வார விடுமுறை நாளில் மட்டும் போகிறேன், ஓட்டல் லோகோ இல்லாத கோட் போட்டுக்கொள்கிறேன், ஓட்டல் பெயரை எங்கேயும் சொல்ல மாட்டேன். அதில் சீல் வைத்துக் கையெழுத்து வாங்குவதற்கு ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை. அவர்கள் டிராஃப்ட் செய்யட்டும் என்று காத்திருந்தால் வேலை நடக்காது. நாமே எழுதிக்கொண்டு போய் நீட்டவேண்டும்.

அடுத்தது அக்ரிமென்ட். ஷூட்டிங் அன்று காலையில் மேக்கப் போட்டுக்கொண்டிருக்கும்போது கிளிப்போர்டோடு ஒரு பையன் வந்து "சார், சும்மா ஃபார்மாலிட்டி, இங்க ஒரு சைன்" என்பான். பவுடர் பஃப் முகத்தில் இருக்கும்போது யாரால் படிக்கமுடியும்? நான் பஃப்பை நிறுத்தச் சொல்லிவிட்டுப் படித்தேன். ஒரு வருஷத்துக்கு வேறு எந்தச் சேனலிலும் வரக்கூடாது, சொந்த யூடியூபிலும் சமையல் வீடியோ போடக்கூடாது என்று இருந்தது. ஒரே ஒரு எபிசோடுக்கு ஒரு வருஷமா? முடியாது என்றேன். புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து கொஞ்ச நேரம் முறைத்தார், ஃப்ளோரில் லைட் எரிந்துகொண்டிருந்ததால் வேறு வழியில்லாமல் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். அடித்த இடத்தில் இரண்டு பேரும் சின்னக் கையெழுத்துப் போட்டோம், அந்தப் பக்கத்தை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொண்டேன். நகல் அனுப்புகிறோம் என்று சொன்னது இன்னும் வரவில்லை, அந்தப் படம்தான் என்னிடம் இருக்கிறது.

சமையலுக்கு வருகிறேன். எனக்கு ஈரோடு பக்கம். பள்ளிபாளையம் சிக்கன் செய்கிறேன் என்று முன்னாடியே எழுதிக் கொடுத்திருந்தேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும், அதில் மசாலாத்தூள் வாசமே வரக்கூடாது. விதை நீக்கின வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், மஞ்சள்தூள், உப்பு, கறிவேப்பிலை, இவ்வளவுதான். பொடிப்பொடியாக வெட்டின கறி தன் தண்ணீரிலேயே வேகவேண்டும். செட்டுக்குப் போனால் மேடை மேல் ஸ்பான்சரின் சிக்கன் மசாலா பாக்கெட் வரிசையாக நிற்கிறது. "சார், கடைசியில ரெண்டு ஸ்பூன் போட்டுடுங்க, பாக்கெட்டைக் கேமரா பக்கம் திருப்பி" என்கிறார் அசிஸ்டன்ட் டைரக்டர். ஊரில் பார்த்தால் காறித் துப்புவார்கள் தம்பி என்றேன். பேச்சு நீண்டது, ஸ்பான்சர் ஆளுக்கு போன் போனது. அப்போதுதான் பார்த்தேன், அதே கம்பெனியின் மஞ்சள்தூளும் அந்த வரிசையில் இருக்கிறது. சரி, மஞ்சள்தூளைக் காட்டுகிறேன், ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்றேன். ஸ்பான்சர் ஆளுக்கு ஒரே சந்தோஷம், பாக்கெட்டை எவ்வளவு நேரம் பிடிக்கச் சொன்னாலும் பிடித்தேன். புதிதாகப் போகிறவர்கள் ஸ்பான்சர் யார் என்று முதலிலேயே கேட்டுவிட்டு அப்புறம் அயிட்டத்தைச் சொல்லுங்கள்.

அடுப்பைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வீட்டிலிருந்து குழிவான இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே இருப்பது இண்டக்‌ஷன். குழிவான அடி அதில் உட்காரவே உட்காராது. வெளியே சாப்பாடு போடும் புரொடக்‌ஷன் கிச்சனிலிருந்து ஒரு சிங்கிள் பர்னரை இரவல் வாங்கி வந்தோம், சிலிண்டர் ஃப்ரேமில் தெரியாமல் மறைக்கவே ஏக நேரம் பிடித்தது. அப்புறம், காலர் மைக்கில் இரைச்சல் விழுகிறது என்று ஏசி, ஃபேன், எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்கள். சூடான எண்ணெயில் அத்தனை வரமிளகாய் விழுந்தால் என்ன ஆகும்? "ஒன்னு பண்ணுங்க, எக்ஸாஸ்ட் மட்டும்..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் ஆக்‌ஷன் சொல்லியாகிவிட்டது. நெடி ஏறி முதலில் தொகுப்பாளினி இருமினார், பிறகு கேமராமேன், பிறகு ஃப்ளோர் மொத்தமும். தொகுப்பாளினிக்குக் கண் மை வழிந்து மறுபடி மேக்கப். இந்தக் களேபரத்தில் மிளகாய் கருகியதுதான் எனக்கு ஆத்திரம். நல்லவேளை, எல்லாப் பொருளையும் மூன்று செட் வைத்திருந்தேன். இதை மட்டும் மறக்கவேண்டாம்: பச்சையாக ஒரு செட், பாதி வெந்தது ஒன்று, முழுசாக முடித்தது ஒன்று. டிவியில் நாற்பது நிமிஷம் வேகவிட்டுக் காத்திருக்க யாருக்கும் பொறுமை கிடையாது.

ஒளிபரப்பானபோது கீழே ஓடிய எழுத்தில் 'பள்ளிபாளையம் சிக்கன் மசாலா'. விடுங்கள்.

இனி பணம். ஷூட்டிங் முடிந்த தேதியிலிருந்து இல்லை, ஒளிபரப்பான தேதியிலிருந்துதான் அவர்கள் நாள் கணக்குப் பார்க்கிறார்கள். இன்வாய்ஸ், பான், கேன்சல் செய்த செக் எல்லாம் அனுப்பினேன், திருப்பி அனுப்பினார் அக்கவுன்ட்ஸில் ஒருவர். என் சம்பளக் கணக்குச் செக்கில் பெயர் அச்சடிக்கவில்லையாம். சரி என்று பாஸ்புக் முதல் பக்கத்தை அனுப்பினால் அதில் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. "ரெண்டும் ஒரே ஆளான்னு எங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றார், என் முகத்தை டிவியில் போட்ட கம்பெனியின் ஆள். வங்கிக்குப் போய் பெயரை முழுசாக மாற்றி, சீல் வைத்த பாஸ்புக் நகலை அனுப்பியபிறகுதான் பணம் வந்தது. நம் ஊரில் இந்த இனிஷியல் பஞ்சாயத்து பாதிப் பேருக்கு இருக்கும், ஷூட்டிங்குக்கு முன்னாடியே முடித்து வையுங்கள். பானோடு ஆதார் இணைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் டிடிஎஸ், அதாவது பணம் தருவதற்கு முன்னாடியே பிடித்து அரசுக்குக் கட்டுகிற வருமான வரி, 10 சதவீதம் பிடிக்கவேண்டிய இடத்தில் 20 பிடிப்பார்கள்.

எனக்குப் பிடித்தது 10தான். ஆனால் அது 26ஏஎஸ்ஸில், அதாவது நம் பெயரில் கட்டின வரியைக் காட்டும் வருமான வரித்துறைப் படிவத்தில், ஏறவே இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பிடித்த டிடிஎஸ்ஸுக்கு அவர்கள் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசித் தேதி மே 31, அதனால் அதுவரை பேசாமல் இருந்தேன். ஜூனிலும் காணோம். கேட்டால் கட்டியாச்சு சார் என்றே பதில். அவர்கள் தாக்கல் செய்ததில் என் பான் நம்பரைப் படித்துக் காட்டச் சொன்னேன், ஒரு எழுத்து மாறியிருந்தது. திருத்தி மறுபடி தாக்கல் செய்யுங்கள் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தவரை எதுவும் அசையவில்லை, அவர்கள் ஆடிட்டரையும் சேர்த்து மெயில் போட்டபிறகு சத்தமில்லாமல் ஏறிவிட்டது. ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டும் வாங்கியாயிற்று.