செவந்திக்கு ஒரு பெட்டி

ஜனவரி 11, 2025, சனி. லீட்ஸ், இங்கிலாந்து

டரான்டுலா என்னும் பெரிய மயிர்ச் சிலந்தியை வளர்க்க வீட்டில் ஒருவழியாகச் சம்மதம் கிடைத்துவிட்டது. மனைவியின் நிபந்தனை ஒன்றே ஒன்று: "மூடிக்குப் பூட்டு இருக்கணுங்க. சாவி என்கிட்டதான் இருக்கும்." மகிழ்ச்சியோடு ஒத்துக்கொண்டேன்.

வரப்போவது 'மெக்சிகன் ரெட் நீ' (Mexican red knee) என்ற இனம், பெண். கால்களின் முட்டியில் செம்மஞ்சள் பட்டை இருப்பதால் மகள் இப்போதே 'செவந்தி' என்று பெயர் வைத்துவிட்டாள். இந்த இனத்தில் பெண் 20 ஆண்டுக்கு மேல் வாழும். அப்போது மகளுக்கு முப்பது வயது ஆகியிருக்கும்.

மாலையில் கண்ணாடித் தொட்டி வாங்கி வந்தேன். உயரம் 45 செ.மீ., மேலே கம்பி வலை மூடி. சிலந்திக்கு இதுதான் சரி என்று கடைக்காரர் சொன்னார்.

ஜனவரி 12

செவந்தியைத் தரப்போகிறவரிடம் தொட்டியின் படத்தை அனுப்பினேன். உடனே போன் வந்தது. "தயவுசெய்து அவளை இதில் விடாதீர்கள்."

அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். இவை தரையில் வளை தோண்டி வாழும் சிலந்திகள். உடல் கனமானது, வயிற்றின் தோலோ மிக மெல்லியது. கண்ணாடியில் ஏறி, பிடி நழுவி விழுந்தால் வயிறு கிழிந்துவிடும். உள்ளே இருக்கும் திரவம் வெளியேறிவிட்டால் பிழைப்பது கடினம். அதனால் மண்ணுக்கும் மூடிக்கும் நடுவே உள்ள இடைவெளி, கால் நுனிக்குக் கால் நுனி அளந்தால் வரும் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. செவந்தி 12 செ.மீ. அப்படியென்றால் அதிகபட்சம் 18.

கம்பி வலை அதைவிட மோசம். காலின் நுனியில் இரண்டு சின்னக் கொக்கிகள் இருக்கின்றன. அவை வலைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் சிலந்தி அப்படியே தொங்கும். இழுத்துப் பார்க்கும். கடைசியில் கால் அறுந்துபோகும், இல்லையென்றால் விழும்.

நாம் பயப்படுவதெல்லாம் சிலந்தி வெளியே வந்துவிடுமோ என்றுதான். உள்ளே அதற்கு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. இரவு அந்தத் தொட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

(உயரமான தொட்டி தேவைப்படும் டரான்டுலாக்களும் உண்டு. நம் நாட்டு பொசிலோதீரியா இனங்கள் மரப்பொந்தில் வாழ்பவை. ராமேஸ்வரத்தில் ஒரு இனம் இருக்கிறது. ஆனால் அவை மின்னல் வேகம், கடித்தால் கடும் வலி. முதன்முதலாக வளர்ப்பவனுக்கு ஆகாது.)

ஜனவரி 18

புதுப் பெட்டி வந்தது. அக்ரிலிக். நீளம் 40, அகலம் 25, உயரம் 30 செ.மீ. மூடியில் கொண்டி, அதில் மாட்ட ஒரு குட்டிப் பூட்டு.

காற்றுக்கு ஓட்டை போட்டதில் பாதி நாள் போய்விட்டது. அக்ரிலிக் சட்டென்று விரிசல் விடும். அதனால் ஓட்டை வரும் இடத்தில் டேப் ஒட்டி, அடியில் பலகை வைத்து, டிரில்லை மெதுவாக ஓட்டினேன். 3 மி.மீ. ஓட்டைகள், எதிரெதிர்ப் பக்கச் சுவர்களில் இரண்டு வரிசை. ஒரு பக்கம் காற்று நுழைந்து மறுபக்கம் போக வேண்டும், இல்லையென்றால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்து, விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். இரண்டு ஓட்டைகளில் பிசிர் இருந்தது, மறுபடி தேய்த்தேன்.

ஜனவரி 19

தென்னை நார்க்கழிவு, 650 கிராம் கட்டி இரண்டு. உரம் எதுவும் கலக்காததாகப் பார்த்து வாங்கினேன். வெந்நீர் ஊற்றியதும் கட்டி பொருபொருவென்று உப்பி எழுந்தது. சமையலறை முழுக்க ஈர நார் வாசனை. எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சி. களத்தில் மட்டை ஊறப்போட்ட வாசனை லீட்ஸில் என்னைத் தேடி வந்த மாதிரி இருந்தது.

கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் ஒரு சொட்டுகூட வரக் கூடாது. பிழிந்து பிழிந்து கை மரத்துவிட்டது. 15 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தி நிரப்பினேன். மேலே மீதி 15. சரி.

ஜனவரி 25

மேல் மண் காயட்டும் என்று ஒரு வாரம் விட்டேன். இந்த இனம் மெக்சிகோவின் பசிபிக் கரைப் பக்கம், வறண்ட காட்டுப் பகுதியில் வாழ்வது. ஈர மண் அதற்குப் பிடிக்காது, காலை வைக்காமல் சுவரில் ஏறும். ஏறினால் விழும் ஆபத்து. எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் வந்து நிற்கிறது.

பாதி புதைத்த கார்க் மரப்பட்டை ஒன்று, அதன் அடியில் விரலால் தோண்டிய சின்ன வளை. மூலையில் ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம். அதில் பஞ்சு போட வேண்டாம், கிருமிதான் சேரும். அழகுக்கு வைத்த கூழாங்கல்லை எடுத்துவிட்டேன், விழுந்தால் கல்மேல் விழக் கூடாது. அடியில் வைக்கும் சூட்டுத் தட்டும் வேண்டாம். சூடு தாங்காவிட்டால் சிலந்தி கீழே தோண்டித் தப்பப் பார்க்கும், கீழே போனால் இன்னும் சூடு. அறை 21 டிகிரியில் இருக்கிறது, அது போதும்.

அம்மா போனில் கேட்டார்: "ஏங்கண்ணு, அது கடிச்சுப்போடாதா?" இந்த இனம் அவ்வளவாகக் கடிக்காது, வயிற்றில் இருக்கும் சுணையைக் காலால் உதறிவிடும், பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து என்றேன். "அப்ப அதைத் தொடாத" என்றார். தொடப்போவதில்லை.

பிப்ரவரி 1

செவந்தி வந்தாள். டப்பாவைப் பெட்டிக்குள்ளேயே வைத்துத் திறந்து, ஓவிய பிரஷ்ஷால் பின்னங்காலை லேசாகத் தொட்டேன். ஒவ்வொரு காலாக வெளியே வைத்தாள். நார் மேல் முன்னங்கால் பட்டதும் நின்றாள், தட்டிப் பார்த்தாள், மறுபடி நின்றாள். நாங்கள் மூவரும் மூச்சே விடவில்லை.

பிப்ரவரி 3

இரவு ஒரு மணி. சுவரில் ஏறி, மூடியின் அடிப்புறத்தில் கால் வைத்திருந்தாள். புது இடத்தில் முதல் சில நாள் இப்படித்தான் என்று தெரிந்தும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடம் கழித்துப் பொத்தென்று விழுந்தாள்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். எட்டுக் காலும் இருந்தன. வயிற்றில் ஈரக்கசிவு எதுவும் இல்லை. ஒரு நிமிடம் அசையாமல் இருந்துவிட்டு மரப்பட்டைக்கு அடியில் போனாள்.

பதினைந்து செ.மீ. உயரம்தான், கீழே நார்தானே. மனைவியை எழுப்பிச் சொன்னேன்.

பிப்ரவரி 16

முதல் சுவர்க்கோழியைப் பிடித்தாள். தின்னாமல் விட்டிருந்தால் மறுநாளே எடுத்திருப்பேன். தோல் உரிக்கும் நேரத்தில் மல்லாந்து கிடக்கும் சிலந்தியைச் சுவர்க்கோழி கடித்துவிடும்.

பிப்ரவரி 22

நான் தோண்டிக் கொடுத்த வளை அவளுக்குப் பிடிக்கவில்லை. இரவோடு இரவாக மறுபக்கம் தோண்டி, அத்தனை நாரையும் தண்ணீர்க் கிண்ணத்தில் கொட்டியிருக்கிறாள். மகள் கிண்ணத்தைக் கழுவ, அம்மாவிடம் சாவி கேட்கப் போயிருக்கிறாள்.