எபி போட்டு, லிங்க் எடுத்து, கிண்டிலுக்குப் போன கதை

இணையத்தில் தொடர்கதை எழுத ஆரம்பிக்கிற தோழிகள் இன்பாக்ஸில் வந்து கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். ரீடர்ஸ் எப்படிக் கிடைத்தார்கள், அமேசானின் மின்புத்தகத் தளமான கிண்டிலில் நிஜமாகவே காசு வருமா? வரும், ஆனால் புத்தகம் விற்று வருவதைவிட, படிக்கப்படும் பக்கங்களில் இருந்துதான் எனக்கு அதிகம் வருகிறது.

2016 டிசம்பரில் இருந்து கிண்டிலில் தமிழ் இருக்கிறது. கிண்டில் அன்லிமிடெட் என்கிற வாசிப்புத் திட்டத்துக்குச் சந்தா கட்டியவர்கள் நம் கதையைத் தனியாகக் காசு கொடுக்காமல் எடுத்துப் படிக்கலாம், அவர்கள் எத்தனை பக்கம் புரட்டினார்களோ அதற்கு நமக்குப் பணம். பக்கத்துக்குப் பைசாக் கணக்குதான், ரூபாய்கூட இல்லை. அதனால் ஒரே ஒரு கதையை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தால் அழுகைதான் வரும். எனக்கு முதல் புத்தகத்தில் வந்தது போன் ரீசார்ஜுக்குச் சரியாகப் போனது. நாலைந்து கதைகள் சேர்ந்த பிறகு, ஒன்றைப் படித்தவர் என் பெயரைத் தட்டி அடுத்ததையும் எடுக்க ஆரம்பித்த பிறகுதான், சிலிண்டர், கரண்ட் பில், பையனின் டியூஷன் என்று சொல்லிக்கொள்கிற மாதிரி ஆனது.

பக்கத்துக்குக் காசு என்றதும் கதையை இழுக்கத் தோன்றும். ஹீரோயின் காபி போடுவதற்கே ஒரு எபிசோடு, எங்கள் பேச்சில் எபி. நம் ரீடர்ஸ் அதை நொடியில் பிடித்துவிடுவார்கள், "சிஸ், போன எபியும் இந்த எபியும் ஒண்ணுதானே" என்று நேராகவே கேட்பார்கள். அப்படிக் கேட்கிறவர்கள் பரவாயில்லை, கேட்காமல் பாதியில் விட்டுப் போகிறவர்களைத்தான் பிடிக்கவே முடியாது.

அந்த ரீடர்ஸ் வந்தது கிண்டிலில் இல்லை, முதலில் தொடராகப் போட்ட இணையதளத்தில். திங்கள், புதன், வெள்ளி என்று சொன்னால் அந்த நாளில் எபி வந்தாக வேண்டும். வீட்டில் விசேஷமோ காய்ச்சலோ, முன்கூட்டியே இரண்டு எபி கையில் வைத்திருந்தால் தப்பிக்கலாம். கருத்து போடுகிறவர்களுக்கு ஸ்மைலி மட்டும் போடாமல் இரண்டு வரி பதில் எழுதுவேன். அவர்களில் சிலர்தான் என் கதையை நான்கு வாட்ஸப் குழுக்களுக்குக் கொண்டுபோனார்கள். விளம்பரத்துக்கு நான் செலவே செய்யவில்லை.

கதை முடிந்ததும்தான் கூத்து. அமேசானில் நாமே புத்தகம் போடுகிற கேடிபியில், செலக்ட் என்கிற திட்டத்தில் சேர்த்தால்தான் அன்லிமிடெட்டில் வரும், சேர்த்தால் 90 நாள் மின்வடிவில் வேறு எங்கேயும் முழுக்கதை இருக்கக் கூடாது, மாதிரிக்கு 10 சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம், அச்சுப் புத்தகத்துக்குத் தடை இல்லை. ஆக, தளத்தில் போட்ட எபிகளின் லிங்கை எடுத்தாக வேண்டும். ஒரு வாரம் முன்னாலேயே அறிவித்தாலும் எடுத்த மறுநாள் காலையில் "அக்கா, கடைசி நாலு எபி பாக்கி, ப்ளீஸ்" என்று வரும். அவர்களுக்காகத்தான் ரீரன், அதாவது அதே கதையை மறுபடி தளத்தில் போடுவது, அதுவும் 90 நாள் முடிந்து, செலக்டைத் தானாகப் புதுப்பிக்கிற டிக்கை எடுத்துவிட்ட பிறகு.

கோப்பு வேலை ரொம்பக் கஷ்டமில்லை. நான் போனில் டைப் செய்கிறவள், அதனால் யூனிகோட் பிரச்சினை இல்லை. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தவர்கள் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். வேர்டில் ஒவ்வொரு அத்தியாயத் தலைப்புக்கும் ஹெட்டிங் ஸ்டைல் கொடுத்தால் பொருளடக்கம் ஒழுங்காக வரும். இன்னொன்று, ஔகாரம். "மௌனம்" என்று அடிக்கும்போது ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ள எழுத்தை வைத்து ஒப்பேற்றியிருப்போம், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் தலைப்பில் அப்படி இருந்தால் சரியாக அடித்துத் தேடுகிறவருக்குப் புத்தகம் அகப்படாமல் போகலாம்.

அமேசான் கேட்கிற, எல்லோரும் பயப்படுகிற அமெரிக்க வரிப் படிவம் பத்து நிமிட வேலை. பான் எண்ணைக் கொடுத்து இந்தியா என்று வரி ஒப்பந்தச் சலுகையைத் தேர்ந்தெடுத்தால் அமெரிக்கத் தளத்து வருமானத்தில் 30 சதவீதத்துக்குப் பதில் 15 பிடிப்பார்கள். பெயர் பான் கார்டில் உள்ளபடி, புனைபெயர் புத்தகத்துக்கு மட்டும். பணம், விற்பனையும் வாசிப்பும் நடந்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து வங்கிக்கு வரும், ஒவ்வொரு நாட்டுத் தளத்துக்கும் தனித்தனியாக. முதல் மாதமே பாஸ்புக்கைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எரிச்சல் என்றால் திருட்டு பிடிஎஃப்தான். புத்தகம் ஏறிய வாரத்திலேயே ஏதோ ஒரு குழுவில் அட்டைப்படத்தோடு சுற்றும். புகார் கொடுத்தால் அங்கே எடுப்பார்கள், வேறு பெயரில் வேறு குழு முளைக்கும். கொஞ்ச நாள் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு இப்போது ஓரளவுக்கு மேல் துரத்துவதில்லை. செலக்டின் அந்த 90 நாளில் 5 நாள் புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கலாம் என்பதால், இரண்டு பாகக் கதையில் முதல் பாகத்தைச் சனி ஞாயிறில் இலவசமாக விடுகிறேன். "பிடிஎஃப் இருக்கா சிஸ்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் அந்தத் தேதியைச் சொல்லிவிடுகிறேன். எடுத்துக்கொண்டு போகிறார்கள், அதில் சிலர் செவ்வாய்க்கிழமை வந்து இரண்டாம் பாகம் எங்கே என்கிறார்கள்.