கனடா பிளானில் ஜப்பானில் மரவீடு: ஆணி படுத்திய பாடு

கனடா பிளானை வைத்து ஜப்பானில் மரவீடு கட்ட அனுமதி சிரமமில்லாமல் கிடைத்தது. மரச்சட்டங்களில் பலகையை ஆணியடித்துச் சுவரெழுப்பும் டூ பை ஃபோர் முறைக்கு ஜப்பானில் 1974-லேயே பொது விதி வந்துவிட்டதால் யாரும் புருவம் உயர்த்தவில்லை. அஸ்திவாரமும் ஒழுங்காக முடிந்தது. வேலை நின்றது இடைநிலை ஆய்வில்தான்.

சுவர் பிளைவுட் முழுக்க அடித்தாகிவிட்டது. வந்த ஆய்வாளர் கேட்ட முதல் கேள்வி: “ஆணித் தலையில் பச்சை எங்கே?” 9 மி.மீ. பிளைவுட்டுக்கு வேண்டியது டூ பை ஃபோருக்கான சிஎன்50 ரக ஆணி, தண்டு 2.87 மி.மீ. தடிமன். சப்ளையர் அனுப்பியிருந்தது சாதாரண என்50 ஆணி, 2.75 மி.மீ. நீளத்தில் வித்தியாசமே தெரியாது. ஆனால் சுவரின் பலம் தடித்த ஆணியை வைத்தே கணக்கிடப்பட்டது. அடித்த பிறகும் பார்த்தவுடன் தெரியட்டும் என்றுதான் நிறம் வைத்திருக்கிறார்கள்: சிஎன்50 பச்சை, சிஎன்65 மஞ்சள், சிஎன்75 நீலம், சிஎன்90 சிவப்பு. பெட்டியைப் பிரித்ததும் நிறத்தைப் பாருங்கள். பில்லை நம்பாதீர்கள்.

ஓரத்தில் 100 மி.மீ., நடுவில் 200 மி.மீ. இடைவெளியில் மறுபடி அடித்தோம். அப்போது அடுத்த தடங்கல்: நெயில் கன்னில் காற்றழுத்தம் கூடிப்போய்ப் பல தலைகள் பலகைக்குள் புதைந்தன. புதைந்த ஆணி பலகையைச் சரியாகப் பிடிக்காது, ஆய்விலும் செல்லாது. பக்கத்தில் புது ஆணி அடிக்க வேண்டும், பழைய துளையில் அல்ல. அழுத்தத்தைக் குறைத்து, கடைசித் தட்டு சுத்தியலால் போட்டதும்தான் சரியானது. மறு ஆய்வில் ஒரு குறையும் சொல்லவில்லை. அன்றுதான் மூச்சு வந்தது!

இனி வரைபடம். கனடாவில் பலகை 1220 × 2440, நிலைச்சட்டங்கள் 406 மி.மீ.க்கு ஒன்று. ஜப்பானில் எளிதில் கிடைக்கும் பலகையின் அகலம் 910. அதை 406 வரிசையில் வைத்தால் விளிம்பு சட்டத்தில் உட்காராது, அந்தரத்தில் நிற்கும். வரிசையை 455-க்கு மாற்றி, சன்னல், கதவு எல்லாவற்றையும் புதிதாக வரையுங்கள். வெளிச்சுவர் மூலையில் வீட்டின் பாரத்தையும் நிலநடுக்க அதிர்வையும் தாங்கும் 90 செ.மீ. சுவர் வேண்டும். கனடா பிளான்களில் அழகாகத் தெரியும் மூலைச் சன்னல் இங்கே அடிபடும். தனிக் கணக்குக் காட்டினால்தான் தப்பும்.

கன்டெய்னரில் வரும் பலகையில் ஜாஸ் என்ற ஜப்பானியத் தர முத்திரையும், ஃபார்மால்டிஹைடு வாயு மிகக் குறைவு என்று காட்டும் எஃப் நான்கு நட்சத்திரமும் அச்சிட்டிருக்கிறதா என்று கப்பல் ஏறும் முன்பே புகைப்படம் கேட்டு வாங்குங்கள். துறைமுகத்துக்கு வந்த பிறகு காகிதம் தேடுவது கொடுமை.

எல்லாவற்றையும்விட ஆபத்து, சுவரின் உள்பக்கம் ஒட்டும் பாலிதீன் ஷீட். கனடாக் குளிருக்கு அது சரி. தெற்கு ஜப்பானின் கியூஷு தீவுக் கோடையில் ஈரக்காற்று வெளியிலிருந்து உள்ளே வரும், ஏ.சி. குளிரில் ஷீட்டின் பின்புறம் நீர் கோக்கும், மரம் அழுகும். அதற்குப் பதிலாக ஈரத்துக்கேற்ப ஆவியை விடும் மெம்பிரேன் என்ற மெல்லிய விரிப்பைப் போடுங்கள். வெளிப்பூச்சுப் பலகைக்குப் பின்னால் 18 மி.மீ. காற்றுவழி விடுங்கள். தரையிலிருந்து 1 மீட்டர் வரை மரத்துக்கு அழுகல் தடுப்பு கட்டாயம், தேவைக்கேற்பக் கரையான் தடுப்பும். மருந்தை அறுத்த முனைகளிலும் பூச வேண்டும். தச்சர்கள் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.