போட்டோஷூட்டுக்குப் போகும் தங்கச்சிமாருக்கு

கிளாமர் ஷூட்டுக்கு முதல்நாள் பேஷியல் செய்யலாமா என்று கொழும்பு வெள்ளவத்தைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேண்டாம். பேஷியல், வாக்ஸிங் எல்லாவற்றையும் 3, 4 நாளுக்கு முதலே முடித்துவிடுங்கள். சிவந்துபோனால் அடங்க நேரம் வேண்டும். முதல்நாள் இரவு கொத்துரொட்டியும் வேண்டாம், உப்புக் கூடினால் சிலருக்குக் காலையில் கண்ணுக்குக் கீழே ஊதியிருக்கும்.

கனபேர் யோசிக்காத விஷயம் இலாஸ்டிக் தடம். இறுக்கமான ஜீன்ஸோடு பஸ்ஸில் வந்து இறங்கினால் இடுப்பில் விழுந்த கோடு இலேசில் மறையாது. மேக்கப்பாலும் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. தொளதொளவென்று ஒரு கவுனில் வாருங்கள். மணிக்கூட்டையும், கையில் மாட்டித் திரிகிற தலைமயிர் பேண்டையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். தோல் நிறத்தில், தையல் தெரியாத உள்ளாடை பையில் இருக்கட்டும்.

ஃப்ளாஷ் போட்டு எடுப்பதென்றால் சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டையொக்சைட் உள்ள சன்ஸ்கிரீனைத் தவிருங்கள், படத்தில் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளிறிவிடும். கடலோரக் காலிமுகத்திடலில் மாலை 5 மணிக்குப் பிறகு வெளிச்சம் நல்ல வடிவு. ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. விரித்த கூந்தல் ஆசையை அப்போது விட்டுவிடுங்கள்.

அப்புறம், எந்த அளவு கவர்ச்சி, படம் எங்கே வெளிவரும் என்பதை முதலே எழுத்தில் வாங்குங்கள். அக்காவையோ சிநேகிதியையோ கூட்டிப் போங்கள். “தனியாகத்தான் வரவேண்டும்” என்கிற படப்பிடிப்பாளர் எவ்வளவு காசு தந்தாலும் போகாதீர்கள்.